மணப்பெண் ஒப்பனைக் கலைஞருக்குக் கட்டணத்துக்கு மேல் பணம் கொடுக்க வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு வருகிற தை மாதம் வடபழனியில் உள்ள ஒரு மண்டபத்தில் திருமணம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை 6 மணி முதல் 7.30 மணி வரை முகூர்த்தம். இரண்டுக்கும் சேர்த்து ஒப்பனைக் கலைஞரிடம் 35,000 ரூபாய் பேசி முடித்து, 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். நியூ ஜெர்சியில் இருக்கும் என் நாத்தனார் மகள், மொத்தத் தொகையில் 20 சதவீதத்தை டிப்ஸாகக் கொடுப்பதுதான் முறை, கொடுக்காவிட்டால் அது மரியாதைக் குறைவு என்கிறாள். என் கணவரோ, பேசிய பணத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை என்கிறார். எது சரி?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: உங்கள் நாத்தனார் மகள் சொல்வது அவர் வாழும் ஊருக்குச் சரி. அமெரிக்காவில் முடிதிருத்துபவர், ஒப்பனைக் கலைஞர், உணவகத்தில் பரிமாறுபவர் என்று நேரில் சேவை செய்யும் பலருக்கும் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் வரை தனியே கொடுப்பது ஊறிப்போன பழக்கம். அந்தப் பழக்கத்தை அங்குள்ள கூலிச் சட்டமும் தாங்கிப் பிடிக்கிறது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தம் கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, அந்நாட்டு மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான், 1991ஆம் ஆண்டிலிருந்து அது உயரவே இல்லை. பொதுவான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். இடையில் உள்ள தொகை வாடிக்கையாளரிடமிருந்து டிப்ஸாக வந்து சேரும் என்ற கணக்கில் அந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலான கூலியை நிர்ணயித்திருந்தாலும், சதவீதம் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் நாடு முழுவதும் இருக்கிறது.

அந்தக் கணக்கை வடபழனி மண்டபத்துக்குக் கொண்டுவந்தால் நீங்கள் 7,000 ரூபாய் தனியே எடுத்து வைக்க வேண்டும். அப்படிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற வழக்கம் சென்னையில் இல்லை. இங்கே தம் பெயரில் தொழில் நடத்தும் ஒப்பனைக் கலைஞர், தம் கட்டணத்தைத் தாமே நிர்ணயிக்கிறார். முகூர்த்த நாளா, சாதாரண நாளா, இரவு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எச்.டி. மேக்கப்பா, ஏர்பிரஷ்ஷா, எத்தனை உதவியாளர்கள் தேவை என்பதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் அவர் 35,000 ரூபாய் என்று சொல்லியிருப்பார். அந்தத் தொகையை முழுதாகவும் உரிய நேரத்திலும் கொடுத்துவிட்டால் அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்துவிட்டீர்கள். அதற்கு மேல் கொடுக்காதது குறையாகாது.

ஆனாலும் உங்கள் கணவரின் முடிவோடு என்னால் முழுதாக உடன்பட முடியவில்லை. பேசிய பணம் போய்ச் சேருவது ஒருவரிடம். அந்த அறையில் உழைப்பவர்கள் மூன்று நான்கு பேர். உங்கள் மகளின் முகூர்த்தம் காலை 6 மணிக்குத் தொடங்குகிறது என்றால், மணமகள் அறையில் 2.30 மணிக்கே வேலை தொடங்கிவிடும். மெட்ரோ ரயில் ஓடத் தொடங்காத அந்த நேரத்தில், ஆட்டோவிலோ கால் டாக்சியிலோ இரண்டு மூன்று பெண்கள் கனமான பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்து வாசலில் வந்து இறங்குவார்கள். முகத்துக்கான வேலையைக் கலைஞர் தம் கையாலேயே செய்வார். தலையை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். சவுரி வைத்துப் பின்னி, ராக்கொடி வைத்து, ஜடைநாகத்தைப் பின்னலோடு இழுத்துக் கட்டி, அதன்மேல் பூ ஜடையை அசையாமல் பொருத்தி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். புடவை கட்டுபவர் முந்தின நாளே கொசுவத்தை மணமகளின் உயரத்துக்கு அளவெடுத்து மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி வைத்திருப்பார்.

முகூர்த்தத்தின் நடுவே கூறைப்புடவையை வாங்கிக்கொண்டு மணமகள் அறைக்குத் திரும்புகிறாரே, அப்போதுதான் இவர்களுடைய திறமை முழுதாகத் தெரியும். ஒட்டியாணத்தைக் கழற்றி, உடுத்தியிருக்கும் புடவையை அவிழ்த்து, தலை கலையாமலும் நெற்றிச்சுட்டி நகராமலும், அதுவரை உடலில் படாத மொடமொடப்பான புதுப் பட்டைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் கட்டி முடிக்க வேண்டும். ஒரு பெண் தரையில் முழங்காலிட்டுக் கொசுவத்தின் அடியைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் உதட்டில் சேஃப்டி பின்களைக் கவ்வியபடி முந்தானையைத் தோளில் குத்துவார். அதற்குள், 'நேரமாகிறது, பெண்ணை அழைத்து வாருங்கள்' என்று கதவுக்கு வெளியே இரண்டு முறையாவது குரல் கேட்டுவிடும். மடிசார் கட்டும் வீடுகளில் ஒன்பது கஜத்தை இதே அவசரத்தில் கட்ட வேண்டும். முகூர்த்தப் படங்களில் இந்தப் பெண்கள் யாரும் இருக்க மாட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் நாள் கூலிக்கோ, ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றோ வருபவர்கள். கட்டணத்தை நிர்ணயிப்பதில் இவர்களுக்குப் பங்கு இல்லை.

நம் திருமணங்களில் பேசிய தொகைக்கு மேல் ஏதேனும் கொடுப்பது புதிய பழக்கமும் அன்று. நாதஸ்வரக் கலைஞருக்கும் தவில்காரருக்கும் சன்மானத்தோடு வேட்டி, துண்டு வைத்துக் கொடுக்கிறோம். பந்தி நன்றாக நடந்தால் தலைமைச் சமையற்காரரை அழைத்துத் தாம்பூலத்தில் ஒரு தொகை வைத்துக் கொடுக்கிறோம். மண்டபத்தைப் பெருக்குபவருக்கும் காவலாளிக்கும் இனாம் கொடுக்காமல் யாரும் சாவியை ஒப்படைப்பதில்லை. மணமகள் அறைக்குள் உழைத்த பெண்கள் மட்டும் இந்த வரிசையில் விடுபட்டுப் போகிறார்கள். மணப்பெண்ணை அலங்கரிப்பது ஒரு காலத்தில் அத்தையும் சித்தியும் வீட்டுக்குள்ளேயே செய்துகொண்ட வேலையாக இருந்ததால், வெளியிலிருந்து வருபவருக்கு என்ன செய்வது என்ற வழக்கம் நமக்குள் உருவாகாமல் போயிருக்கலாம். இனி உருவாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. சதவீதக் கணக்கை மறந்துவிடுங்கள். வரவேற்பு, முகூர்த்தம் இரண்டுக்கும் வந்து உழைக்கும் உதவியாளர் ஒவ்வொருவருக்கும் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் வரை, உங்கள் கைக்கு எட்டியதைக் கொடுங்கள். தலை அலங்காரமும் புடவையும் அவர்கள் பொறுப்பில் இருந்தால் 1,000 ரூபாய் கூடுதல் ஆகாது. கலைஞருக்குத் தாம்பூலம், ஒரு ரவிக்கைத் துணி, மனம் விரும்பினால் 501 ரூபாயோ 1,001 ரூபாயோ வைத்துக் கொடுக்கலாம். அது உங்கள் மகிழ்ச்சியின் அடையாளம், கடமை அன்று. உறைகளை முதல் நாளே போட்டு வையுங்கள். முகூர்த்தத்தன்று மணமகளின் தாயாருக்குக் கைப்பையைத் திறக்கவும் நேரம் இருக்காது. மருதாணிக் கையும் வளையல்களுமாக நிற்கும் மகளிடம் அந்தப் பொறுப்பைத் தரவும் முடியாது. சித்தியோ அண்ணியோ ஒருவரிடம் உறைகளை ஒப்படைத்துவிடுங்கள். கூறைப்புடவை கட்டி மணமகளை மணவறைக்கு அனுப்பிய பிறகு, பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரம்தான் பொருத்தமானது. ஒவ்வொருவருடைய பெயரையும் கேட்டு, அவரவர் கையில் தனித்தனியே கொடுக்கச் சொல்லுங்கள். 'எல்லோரும் பிரித்துக்கொள்ளுங்கள்' என்று ஒருவரிடம் மொத்தமாகக் கொடுப்பதைத் தவிருங்கள். ஏன் என்பது அடுத்த கேள்வியைப் படித்தால் விளங்கும்.

பணத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு முடிக்க மனம் வரவில்லை. இரவு 2.30 மணிக்கு வந்தவர்களுக்கு 4 மணிக்கு ஒரு காபி கிடைக்கிறதா என்று பாருங்கள். காலைச் சிற்றுண்டிப் பந்தி தொடங்கும்போது யாராவது ஒருவர் அறைக்குச் சென்று, 'சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்' என்று அழைத்து வந்து இலையில் உட்கார வைக்கட்டும். உறவினர் கூட்டத்தில் அழையாமல் போய் உட்காரக் கூச்சப்பட்டு, பசியோடு கிளம்பிவிடும் பெண்கள் பலர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னைத் திருமணங்களில் மனக்கசப்பு பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறது. மணமகளின் அலங்காரம் முடியும் நேரத்தில் அத்தை வருவார், பெரியம்மா வருவார், 'அப்படியே எனக்கும் இந்தப் புடவையைக் கொஞ்சம் கட்டிவிடும்மா' என்பார்கள். ஒருவருக்குக் கட்டினால் ஐந்து பேர் வரிசையில் நிற்பார்கள். உறவினருக்கு ஒப்பனை செய்வதற்கும் புடவை கட்டுவதற்கும் தலைக்கு இவ்வளவு என்று கலைஞர்கள் தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். ஐந்து பேருக்குக் கட்டிய புடவைக்கு 200 ரூபாயை இனாமாகக் கொடுத்துவிட்டுப் பெருந்தன்மையாக நடந்துகொண்டோம் என்று நினைப்பது நியாயம் இல்லை. உறவினர் யார் யாருக்கு வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டு, எண்ணிக்கையைச் சொல்லி, அதற்கான தொகையையும் பேசிவிடுங்கள்.

மீதி 25,000 ரூபாயை முகூர்த்தத்துக்கு முன்போ, வேலை முடிந்த கையோடோ கொடுத்துவிடுங்கள். 'கல்யாணச் செலவு எல்லாம் முடியட்டும், அடுத்த வாரம் ஜிபே செய்கிறோம்' என்று அனுப்பிவைத்துவிட்டுப் பிறகு தொலைபேசியை எடுக்காத குடும்பங்களைப் பற்றி இத்தொழிலில் இருக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார். மீதியை இழுத்தடித்துவிட்டு 1,000 ரூபாய் டிப்ஸ் கொடுப்பதில் பொருள் இல்லை.

கேள்வி: நான் இரண்டு ஆண்டுகளாக ஒரு மேக்கப் ஆர்ட்டிஸ்டிடம் உதவியாளராக இருக்கிறேன். தலை அலங்காரமும் புடவை கட்டுவதும் என் வேலை. நாள் கூலி வாங்குகிறேன். திருமண வீட்டார் எங்கள் எல்லோருக்கும் என்று சொல்லி அக்காவிடம் கொடுக்கும் பணம் எங்கள் கைக்கு வருவதே இல்லை. கேட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. தொழில் கற்றுக்கொடுத்தவர் என்பதால் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது, சகோதரி. தொழில் கற்றுக்கொடுத்தவரிடம் பணத்தைப் பற்றிப் பேசுவது நம் பழக்கத்தில் கடினமான காரியம். இருந்தாலும் அந்தப் பணம் உங்களுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் வாய்விட்டு அப்படிச் சொல்லியிருக்கும்போது அதைக் கேட்பது பேராசை ஆகாது.

கேட்கும் நேரத்தைப் பார்த்துக் கேளுங்கள். மண்டபத்தில், வீட்டார் முன்னிலையில், தூக்கம் கெட்ட காலையில் கேட்க வேண்டாம். அடுத்த முகூர்த்தத்துக்கு உங்களை அழைக்கும்போது, கூலியைப் பற்றிப் பேசும் அதே பேச்சில் இதையும் சேர்த்துவிடுங்கள். 'அக்கா, வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் என்று கொடுப்பதில் எங்களுக்கு எவ்வளவு என்று ஒரு முறை பேசி வைத்துக்கொள்ளலாமா' என்று இனி வரப்போவதைப் பற்றி மட்டும் கேளுங்கள். போன திருமணங்களின் கணக்கைக் கிளறினால் அவர் தம்மைக் காத்துக்கொள்வதிலேயே நிற்பார். உங்களுக்கு வர வேண்டியது வராது. இரண்டு மூன்று உதவியாளர்கள் இருந்தால் எல்லோரும் சேர்ந்து கேட்பது நல்லது. ஒருவர்மேல் மட்டும் கோபம் திரும்பாது.

உங்களுடைய இந்த அச்சத்தைப் போக்கும் வலிமை உங்கள் கையிலேயே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பூ ஜடையும் பட்டுப்புடவையும் பழகிய கைகளுக்குத் தை, ஆவணி முகூர்த்தங்களில் சென்னையில் தட்டுப்பாடு. ஒரே நாளில் பல மண்டபங்களில் திருமணம் நடக்கும் அந்த நாட்களில், நன்றாக வேலை தெரிந்த உதவியாளரை இழக்க எந்தக் கலைஞரும் எளிதில் துணிய மாட்டார்.

இதைப் படிக்கும் ஒப்பனைக் கலைஞர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உதவியாளருக்கு வரும் அன்பளிப்பை அவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். பொதுவாகக் கொடுக்கப்படும் பணத்தை அந்த அறையிலேயே, அவர்கள் கண் முன்னால் பிரித்துவிடுங்கள். இரவு 2 மணிக்கு வியாசர்பாடியிலிருந்து வந்தவர் வீடு திரும்பும் வண்டிச் செலவை அவருடைய கூலியிலிருந்து போட்டுக்கொள்ளும்படி விடுவதும் சரியில்லை.

கேள்வி: மகளின் திருமணத்துக்குப் பேசிய தொகையோடு 10 சதவீதம் 'சர்வீஸ் சார்ஜ்', அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று போட்டு ஓர் ஒப்பனை நிலையத்திலிருந்து பில் வந்திருக்கிறது. முன்பு பேசும்போது இரண்டைப் பற்றியும் சொல்லவில்லை. சர்வீஸ் சார்ஜ் என்பது ஊழியர்களுக்கான டிப்ஸ் என்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஜி.எஸ்.டி. என்பது அரசுக்குப் போகும் வரி. சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டுபவர்கள் அதற்குப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாதவர் உங்களிடம் அந்த வரியை வசூலிக்க முடியாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அழகு நிலையச் சேவைகளுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அதன்பின் நடந்த திருமணத்துக்கு 18 சதவீதம் போட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் வரி அன்று. அது கடைக்காரர் தாமாகச் சேர்க்கும் தொகை. உணவகங்களும் ஹோட்டல்களும் அதைப் பில்லில் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் மாதம் அதை உறுதி செய்தது. அந்த வழிகாட்டுதல் உணவகங்களுக்காக எழுதப்பட்டது என்பதால், உங்கள் பில்லுக்கு அதை அப்படியே காட்ட முடியாது. ஆனால் முன்பணம் வாங்கும்போது சொல்லாத ஒரு தொகையைப் பிறகு சேர்ப்பதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. முன்பதிவின்போது நடந்த வாட்ஸ்அப் உரையாடலை எடுத்துக் காட்டி, அதில் இல்லாததை நீக்கித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்யலாம்.

மனமுவந்து கொடுப்பதுதான் டிப்ஸ். அந்தத் தொகை ஊழியர்களுக்குத்தான் போகிறது என்று நிலையத்தார் சொன்னால், அதை நீங்களே அவர்கள் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: என் திருமண வரவேற்புக்கு ஒப்பனைக் கலைஞர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். டிரையலின்போது காட்டிய நிறம் ஒன்று, அன்று பூசியது வேறு. மேடை வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூத்தது போல இருந்தது. ஆனால் அவருடைய உதவியாளர் பதற்றப்படாமல் தலையையும் புடவையையும் அழகாக முடித்தார். நாளை மறுநாள் முகூர்த்தத்துக்கும் இதே குழுதான் வருகிறது. மீதிப் பணத்தைக் குறைத்துக் கொடுக்கலாமா, டிப்ஸ் தேவையா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: இந்தப் பக்கம் உங்கள் கைக்கு வருவதற்குள் முகூர்த்தம் முடிந்திருக்கும் என்பதால் உங்களுக்குத் தனியே பதில் எழுதி அனுப்பியிருக்கிறோம். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

தவறியதை முகூர்த்தத்துக்கு முன்பே கலைஞரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். டிரையலில் எடுத்த படத்தையும் வரவேற்பில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்து அனுப்பி, எந்த ஃபவுண்டேஷன் பயன்படுத்தினார் என்று கேட்டால், தம் வேலையில் அக்கறையுள்ள கலைஞர் அடுத்த நாளைக்குச் சரி செய்துகொள்வார். வேலை தொடங்க வேண்டிய நேரத்தையும் அதே செய்தியில் மறுபடி உறுதி செய்துகொள்ளுங்கள். மீதித் தொகையில் கழிக்க வேண்டும் என்று எண்ணினால் அதைப் பேசி, இருவரும் ஒரு தொகைக்கு உடன்பட்ட பிறகே கழியுங்கள். வேலை முடிந்து அவர் பெட்டியை மூடும் நேரத்தில் சொல்லாமல் குறைத்துக் கொடுப்பது முறையன்று.

கலைஞருக்கு மேற்கொண்டு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. உதவியாளருக்கு நிச்சயமாகக் கொடுங்கள். தாமதமாக வந்த குற்றம் அவருடையது அன்று. அந்த ஒரு மணி நேர நெருக்கடியைச் சுமந்தவர் அவர். உறையை அவர் கையிலேயே கொடுத்து, எந்த வேலை உங்களுக்குப் பிடித்திருந்தது என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.